நான்கு நிமிட ரயில், நான்கு வருட நடை

போன நவம்பர் 2-ஆம் தேதி காலை பத்தரை மணிக்குப் பொத்தேரியில் எனக்கு ஒரு லீடு இருந்தது. லீடு என்றால் எங்கள் தொழிலில், பாலிசி எடுப்பார் என்று யாரோ சொல்லி, அதை நாமும் நம்பி, ஒரு பஸ்ஸும் ஒரு ரயிலும் மாறிப் போய்ப் பார்க்கிற ஆள். ஸ்டேஷனில் இறங்கி போன் செய்தேன். "இன்னிக்குக் கல்லறைத் திருநாள் சார். குடும்பத்தோட அப்பா கல்லறைக்குப் பூ வைக்க வந்திருக்கோம். அடுத்த வாரம் பேசலாமே" என்றார். ஆயுள் காப்பீடு விற்கிறவனைத் தள்ளிப்போட இதைவிடப் பொருத்தமான காரணம் கிடையாது. சரிங்க சார் என்று வைத்துவிட்டு, ஜி.எஸ்.டி. சாலை ஓரத்து டீக்கடையில் உட்கார்ந்து, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போனில் 'கிரிம் ஃபாண்டாங்கோ'வைத் திறந்தேன்.

டீ பாதி காலியான பிறகுதான் உறைத்தது. அந்த விளையாட்டு நடப்பதும் நவம்பர் 2-இல்தான். அடுத்தடுத்த நான்கு வருடங்களின் நவம்பர் 2. மெக்சிகோக்காரர்களின் இறந்தோர் நாள்.

விளையாடாதவர்களுக்கு இரண்டு வரி. கதாநாயகன் மானி கலவேரா ஓர் எலும்புக்கூடு. செத்துப்போனவர்களுக்கு மறு உலகத்தில் பயண ஏற்பாடு செய்து தரும் அரசு அலுவலகத்தில் விற்பனைப் பிரதிநிதி. உயிரோடு இருந்தபோது நல்லது செய்தவர்களுக்கு 'நம்பர் நைன்' ரயிலில் டிக்கெட் உண்டு. நான்கே நிமிடத்தில் ஒன்பதாம் பாதாளம், நிரந்தர நிம்மதி. புண்ணியம் குறைந்தவர்கள் நடக்க வேண்டும், நான்கு வருடம். நடக்கிறவர்களுக்கு மானி விற்பது ஒரு கைத்தடி. பிடியில் திசைகாட்டி இருக்கும். அதையும் ஏதோ ராஜபோகம் போல வருணித்து விற்பான். 1998 அக்டோபரில் அமெரிக்காவில் லூகாஸ்ஆர்ட்ஸ் வெளியிட்டது. ஆக்கியவர் டிம் ஷாஃபர்.

அதே 1998-இல்தான் நாங்கள் நான்கு பேரும் பொறியியல் படிக்கப் பொத்தேரி வந்து சேர்ந்தோம். அதுவும் நான்கு வருடம். அப்போது இந்த ஒற்றுமை எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வீட்டின் மாடி அறை. கூரை ஆஸ்பெஸ்டாஸ். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே கிடையாது, ஊர்தான் பெயர். நெய்வேலி, கும்பகோணம், கோயம்புத்தூர். நான் விழுப்புரம். கம்ப்யூட்டர் நெய்வேலியுடையது. செலரான் 333. அதை அவன் அப்பா புராஜெக்டுக்காக வாங்கிக் கொடுத்தார். அந்த நான்கு வருடத்தில் புராஜெக்டு என்ற சொல் என்ன பாடுபட்டது என்று அந்த மனிதருக்குத் தெரிந்தால் இன்றைக்கும் வருத்தப்படுவார்.

விளையாட்டை வாங்கியது பர்மா பஜாரில். பொத்தேரியில் ஏறினால் பீச் ஸ்டேஷனில் இறங்கலாம்; எதிரே பஜார். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்கள் பிழைக்க 1969-இல் போட்டுக் கொடுத்த கடைகள். பிறகு டேப் ரிக்கார்டர், வாக்மேன், சென்ட்டு, கடைசியில் சிடி. நாங்கள் கேட்டது ஒரு கார் ரேஸ் விளையாட்டு. அது தீர்ந்துவிட்டது என்று, "இதுவும் நல்லாப் போகுது தம்பி, ரெண்டு சிடி, எலும்புக்கூடு எல்லாம் வரும்" என்று கடைக்காரர் இதைக் கையில் திணித்தார். நூற்றைம்பது ரூபாய். திருட்டு சிடிதான், இப்போது சொல்வதற்கென்ன. பேய்ப்படம் போல இருக்கும் என்று நம்பி வாங்கினோம். அறைக்கு வந்து போட்டால் எலும்புக்கூடு கோட்டு சூட்டு போட்டு, சிகரெட் பிடித்துக்கொண்டு, சேல்ஸ் டார்கெட் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தது.

முதல் அரை மணி நேரம் மானியை நேராக நடக்க வைக்கவே போய்விட்டது. மவுஸ் கிடையாது. அம்புக்குறியை அழுத்தினால் பீரங்கி வண்டி போல நின்ற இடத்தில் திரும்புவான், பிறகு நடப்பான், சுவரில் முட்டுவான். எடுக்கக்கூடிய பொருள் ஏதாவது பக்கத்தில் இருந்தால் மேலே எழுத்து வராது, விளக்கு மின்னாது; மானியின் தலை மட்டும் அந்தப் பக்கம் திரும்பும். அவ்வளவுதான் குறிப்பு. கோட்டுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். என்னால் அந்தத் தலைத் திருப்பத்தை இன்னும் மறக்க முடியவில்லை. லீடு வீட்டுக்குப் போனால் ஷோகேஸ், சாமி படம், மாட்டியிருக்கும் காலண்டர் என்று என் தலையும் அப்படித்தான் திரும்புகிறது.

புறாவில் மாட்டினோம். அலுவலகத்து மொட்டை மாடியில் புறாக்கள் கூடு கட்டியிருக்கும். அவற்றின் முட்டை வேண்டும். ஊரில் ஊழலை எதிர்த்துத் தலைமறைவாக இயங்கும் ஒரு குழுவுக்குத் தூதுப் புறா வளர்க்க முட்டை தேவை. மானி பக்கத்தில் போனால் புறாக்கள் கொத்த வரும். மூன்று வாரம் போராடினோம். கையில் இருந்த எல்லாவற்றையும் எல்லாவற்றின் மீதும் பிரயோகித்தோம். திருவிழாத் தெருவில் ஒரு கோமாளி பலூனில் உருவங்கள் முறுக்கித் தருவான். கேட்டால் ராபர்ட் ஃப்ராஸ்ட் தலையைக்கூடச் செய்து தருவான். அது யார் என்று எங்கள் அறையில் ஒருவனுக்கும் தெரியாது. வில்லனின் கையாளாக இருப்பான் என்று நெய்வேலி ஒரு கொள்கை வைத்திருந்தான். கவிஞர் என்று எனக்குத் தெரிந்தபோது எனக்கு முப்பது வயது.

கடைசியில் கும்பகோணம்தான் கூடுவாஞ்சேரியில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், மணிக்கு முப்பது ரூபாய் அழுது, விடையைக் கையால் எழுதிக்கொண்டு வந்தான். பாதி எழுதுவதற்குள் கரண்ட் போய்விட்டது. "தட்டில் பலூன் வை. அதன் மேலே ரொட்டி" என்பதோடு சீட்டு முடிந்திருந்தது. போதுமானதாக இருந்தது. புறாக்கள் ரொட்டியைக் கொத்தின, பலூன் வெடித்தது, எல்லாம் பறந்தன. நாங்கள் நான்கு பேரும் கத்திய கத்தலில் வீட்டுக்காரம்மா மேலே வந்துவிட்டார். "மேட்ச் ஜெயிச்சிட்டோமா தம்பி?" என்றார். ஆமாம்மா என்றோம்.

டீக்கடையில் அதே புறாவை இப்போது போனில் பார்க்கிறேன். விரலால் தொட்டால் மானி போகிறான். சிக்கினால் யூடியூபில் பன்னிரண்டு வயதுப் பையன் எல்லாவற்றையும் வேகவேகமாகச் செய்து காட்டுகிறான். அன்று நேரம் இருந்தது, விடை இல்லை. இன்று விடை சட்டைப்பையில் இருக்கிறது, அடுத்த மாநிலத்திலிருந்து மேனேஜர் நான்கு முறை கூப்பிட்டுவிட்டார்.

இந்த இடத்தில் கோயம்புத்தூரின் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2001-இல் அவன் வீட்டிலிருந்து பென்டியம் 4 வந்து இறங்கியது. பெட்டியைப் பிரித்தபோது பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் வந்து நின்று பார்த்தார்கள். இனி நெய்வேலியின் ஓட்டைச் செலரான் எதற்கு? மானியைப் புது வீட்டுக்குக் குடியேற்றினோம். அருமையாக ஓடியது, லிஃப்ட் காட்சி வரும்வரை. மானி ஒரு ஃபோர்க்லிஃப்டை லிஃப்டுக்குள் ஏற்றி, லிஃப்ட் நகரும்போது வண்டியை முன்னால் குத்தி, இரண்டு மாடிக்கு நடுவில் அதை நிறுத்த வேண்டும். அங்கேதான் ரகசியக் கதவு. பென்டியம் 4-இல் லிஃப்ட் பறந்தது. கையை எடுத்து வைப்பதற்குள் மேலே போய்விடும். நூறு முறை முயன்றிருப்போம். எங்கள் கை மந்தம் என்று நினைத்துப் போட்டியெல்லாம் வைத்துப் பார்த்தோம். உண்மை என்னவென்றால் விளையாட்டு அந்தக் காலத்துக் கணினியின் வேகத்தை நம்பி எழுதப்பட்டிருந்தது. வேகமான கணினி வந்தால் லிஃப்டும் அதே வேகத்தில் ஓடும். லூகாஸ்ஆர்ட்ஸ் இதற்குத் திருத்தம் ஒன்று வெளியிட்டிருந்தது. பர்மா பஜாரில் அதெல்லாம் சேர்த்துத் தர மாட்டார்கள்.

"நாப்பதாயிரம் ரூவா மெஷின்டா. வேகமா இருக்குங்கிறதுனால ஓடாதா?" என்று கோயம்புத்தூர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. சேமித்ததை ஃப்ளாப்பியில் தூக்கிக்கொண்டு செலரானுக்கே திரும்பி வந்தோம். லிஃப்ட் முதல் முயற்சியில் நின்றது. நெய்வேலி எழுந்து நின்று தன் கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டினான்.

மெக்சிகோவும் தெரியாது, நுவார் என்ற சொல்லும் தெரியாது. ஆனாலும் கதை எங்களுக்கு அந்நியமாக இல்லை. யமலோகத்தை அலுவலகமாக்கிச் சிரிப்பதற்கு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'யமனுக்கு யமன்', 'அதிசயப் பிறவி', கவுண்டமணி எமனாகவே வந்த 'லக்கி மேன்' என்று பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஆனால் நம் படங்களில் எமனின் ஆபீஸ் தப்புச் செய்யும். ஆளை மாற்றித் தூக்கி வந்துவிடும். ஹீரோ சண்டை போட்டுப் பூமிக்குத் திரும்புவார். மானியின் ஆபீஸ் தப்பே செய்யவில்லை. அங்கே நடப்பது ஊழல். நல்லவர்களுக்குச் சேர வேண்டிய ரயில் டிக்கெட்டைத் திருடி, காசு வைத்திருக்கிற பாவிகளுக்கு விற்கிறார்கள். தீபாவளிக்கு எழும்பூரில் ஊருக்கு டிக்கெட் கேட்டு நின்ற எவனுக்கும் இதற்கு உரை தேவைப்படாது. மானிக்கு மட்டும் ஏன் எப்போதும் மட்டமான ஆட்களே வருகிறார்கள், பக்கத்து அறை டாமினோவுக்கு மட்டும் ஏன் எல்லாம் தங்கமாக வருகிறது என்பதில்தான் கதையே தொடங்குகிறது. அப்போது சிரித்தேன். விற்பனை வேலைக்கு வந்த முதல் மாதம் சிரிப்பு நின்றது.

கறுப்பு வெள்ளைக் குற்றப்படங்களின், அதாவது நுவாரின், வாசனை வேறு. பாட்டே இல்லாமல் 1954-இல் வந்த 'அந்த நாள்' படத்தை நெய்வேலியின் அப்பா பத்துத் தடவை பார்த்தவராம். லீவுக்கு வந்தவர், எங்கள் தோளுக்குப் பின்னால் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "இந்தப் பய எஸ்.பாலச்சந்தர் படம் பார்த்திருக்கான்" என்றார். பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஷாஃபர் பார்த்தது 'காஸாபிளாங்கா'வும் 'டபிள் இண்டெம்னிட்டி'யும். இரண்டாவது படத்தின் நாயகன் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். அவனுக்கு என்ன முடிவு என்று நான் எங்கள் ஆபீஸில் யாரிடமும் சொல்வதில்லை.

எலும்புக்கூட்டைத் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னாலும் ஒரு தொழில் சாமர்த்தியம் உண்டு. அன்றைய முப்பரிமாணக் கணினியில் மனித முகம் வரைந்தால் அட்டைப்பெட்டி போலத்தான் வரும். மெக்சிகோவில் இறந்தோர் நாளுக்குச் செய்கிற காகிதக்கூழ் பொம்மைகளும் அப்படித்தான் இருக்கும். உள்ளே காகிதக்கூழ், மேலே வரைந்த எலும்பு. கணினியின் குறை அப்படியே அந்த உலகத்தின் அழகாகிவிட்டது. இதற்காகவே அந்த ஆளுக்கு ஒரு மாலை போடலாம்.

மாலை என்றதும் நினைவு வருகிறது. அந்த உலகில் செத்தவர்களும் சாகலாம். சுட்டால் உடம்பெல்லாம் பூ முளைக்கும். கொஞ்ச நேரத்தில் ஆள் போய் பூங்கொத்துதான் மிஞ்சும். அங்கே பூ என்றால் பயம். என் லீடு அந்த நேரத்தில் செவ்வந்தி மாலையோடு கல்லறையில் நின்றுகொண்டிருந்தார்.

கும்பகோணத்தை நாங்கள் கிளாட்டிஸ் என்றும் கூப்பிட்டோம். மானியின் டிரைவர் கிளாட்டிஸ். ஆரஞ்சு நிறத்தில் மலை போல ஒரு பூதம். வண்டி ஓட்டாவிட்டால் உடம்பு நலிந்து போகும். கும்பகோணமும் ஆள் அந்த அளவு. யாருடைய வண்டி நின்றாலும் அவன்தான் கார்புரேட்டரைக் கழற்றுவான். ஒரு ராத்திரி விளையாட்டை முடித்துவிட்டு, அவன் உயிர் கொடுத்த இரண்டு பழைய வண்டிகளில் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனோம். விடியும்போது கடற்கரைக் கோயில் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தோம். யாரும் ஒன்றும் பேசவில்லை. விளையாட்டு முடிந்துவிட்டதே என்றுதான் துக்கம்.

அப்போது பொத்தேரி காஞ்சிபுரம் மாவட்டம். காஞ்சியில் சித்திரகுப்தனுக்கே கோயில் இருக்கிறது, கையில் எழுத்தாணியும் ஏடுமாக. ஒவ்வொரு செமஸ்டருக்கு முன்பும் கும்பகோணம் அங்கே போய்விட்டு வருவான், கணக்கைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்று கேட்க. ஏழு அரியர். 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது பொத்தேரி இந்தப் பக்கம் வந்துவிட, சித்திரகுப்தன் காஞ்சியோடு அந்தப் பக்கம் நின்றுவிட்டார்.

எங்கள் நம்பர் நைன், கேம்பஸ் இண்டர்வியூ. அமெரிக்காவில் 2000-இல் டாட்காம் குமிழி உடைந்தது. அந்தச் சத்தம் பொத்தேரிக்கு வந்து சேர்ந்தது சரியாக எங்கள் கடைசி வருடத்தில். சீனியர்களுக்கு நான்கு நிமிடத்தில் கிடைத்த ரயில் எங்களுக்கு வரவே இல்லை. வேலை உண்டு என்று கடிதம் கொடுத்த இடங்களும் சேரும் தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டன. கைத்தடி பார்ட்டிகள் ஆனோம். நெய்வேலி திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்று வருடம். கோயம்புத்தூர் அப்பாவின் மில் உதிரிபாகக் கடை. நான் கிரெடிட் கார்டு விற்று, கடன் விற்று, இப்போது செத்த பிறகு வரும் பணத்தை உயிரோடு இருப்பவர்களிடம் விற்றுக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் மறைமலை நகரில் 1999-இல் ஃபோர்டு ஐகான் வெளிவந்தபோது, அந்தத் தொழிற்சாலைக் கேட்டுக்குள் போவதுதான் கும்பகோணத்தின் ஒரே கனவு. கேட் அவனுக்குத் திறக்கவில்லை. 2022-இல் அங்கே கார் தயாரிப்பே நின்றுபோனது. வேலை தேடி நாங்கள் அலைந்த கம்ப்யூட்டர் கம்பெனிகளோ இப்போது பொத்தேரி வாசலுக்கே வந்துவிட்டன. ஸோஹோ பக்கத்து வல்லாஞ்சேரியில்தான் இருக்கிறது. இருபது வருடம் முன்னால் வந்திருக்கலாம்.

விளையாட்டின் கதையும் ஏறக்குறைய இதேதான். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், கேம்ஸ்பாட் 1998-இன் சிறந்த விளையாட்டு என்றது. விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை. இந்த வகை விளையாட்டுகளையே லூகாஸ்ஆர்ட்ஸ் கொஞ்ச நாளில் கைவிட்டது. 2013-இல் டிஸ்னி அந்த ஸ்டூடியோவையே மூடியது. பிறகு ஷாஃபரின் டபிள் ஃபைன் உரிமை பெற்று, புதுப்பித்து, 2015 ஜனவரியில் வெளியிட்டது. இசையை மெல்போர்ன் சிம்பொனி வாசித்தது. வேடிக்கை அதற்கு முன்னால் நடந்தது. மூலக் கோப்புகள் பழைய காந்த நாடாக்களில் கிடந்தன. அவற்றைப் படிக்கும் கருவி கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. நான் இந்த முறை காசு கொடுத்துத்தான் வாங்கினேன். பர்மா பஜார் கணக்கு அதோடு நேர்.

போனில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் புது வெளிச்சம் போய்ப் பழைய மங்கல் வந்துவிடும். நான் பழையதிலேயே வைத்திருக்கிறேன். ஷாஃபர் ஆட்கள் இவ்வளவு உழைத்ததற்கு இது மரியாதையில்லை என்று தெரியும்.

விளையாட்டின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். மானிக்கு டிக்கெட் கிடைத்துவிடும். கிளாட்டிஸுக்குக் கிடையாது. அவன் அந்த மண்ணின் பூதம், அங்கேதான் இருக்க வேண்டும். ரயில் கிளம்பும், அவன் நிற்பான். 2002 மே மாதம் நாங்கள் மூவரும் தாம்பரம் வண்டி ஏறியபோது, ஏழு அரியரோடு பொத்தேரி பிளாட்பாரத்தில் நின்றவன் கும்பகோணம். நாங்கள் கேலி செய்தோம். அவனும் சிரித்தான்.

மேனேஜரின் ஐந்தாவது அழைப்பைக் கட் செய்துவிட்டு அவனுக்கு போன் போட்டேன். "எங்கடா இருக்க? டீக்கடையா? மேல பாரு" என்றான். எதிரே நான்கு மாடி. மூன்றாவது மாடியில் கைலி கட்டிக்கொண்டு ஒரு மலை கையசைத்தது. மெக்கானிக் ஷெட்டில் தொடங்கி, வாடகை வண்டிகள் வாங்கி, இப்போது பையன்களுக்கான பிஜி. அறுபது படுக்கை, வைஃபை, இரண்டு வேளை சாப்பாடு. மானி ஓட்டலில் தரை துடைத்து ஒரே வருடத்தில் முதலாளி ஆவான். தமிழ்ப் படத்தில் அதற்கு ஒரு பாட்டுப் போதும். இவனுக்கு இருபது வருடம் ஆகியிருக்கிறது. எங்கள் நால்வரில் யாரிடமும் கையேந்தாதவன் இவன் ஒருவன்தான். பாலிசி பற்றி நான் வாயைத் திறப்பதற்குள், "என்கிட்ட மட்டும் விக்காதடா" என்றான்.

பால்கனிக்குக் கூட்டிப்போனான். புறாத் தொல்லை தாங்கவில்லையாம்; பையன்கள் காயப்போடும் துணியெல்லாம் நாசமாம். பழைய சிடிகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தான், பளபளப்புக்குப் பயந்து ஓடும் என்று யாரோ சொன்னார்களாம். காற்றில் ஒன்று திரும்பியது. நெய்வேலியின் கையெழுத்து, நீல மார்க்கரில்: 'கிரிம் – சிடி 1'.

"டேய், இதை ஏண்டா இங்க தொங்கவிட்ட?"

"போட்டுப் பாக்கறதுக்கு எவன்கிட்டடா டிரைவ் இருக்கு?"

கைப்பிடிச் சுவரில், அந்த சிடிக்கு நேர் கீழே, மூன்று புறாக்கள் உட்கார்ந்திருந்தன.